கோனி ஐலண்டில் மூன்று குடும்பங்கள்: ஒரு ராட்டினம் மட்டும் எப்படித் தப்பியது?

உப்புக்காற்று

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள கோனி ஐலண்ட் கடற்கரையைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துவருகிறேன். அங்கே 'வொண்டர் வீல்' என்று ஒரு ராட்சத ராட்டினம் இருக்கிறது. 1920இல் ஓடத் தொடங்கியது, 150 அடி உயரம். அதைச் சுற்றியுள்ள சின்னப் பூங்காவை வோர்டெரிஸ் என்ற கிரேக்கக் குடும்பம் நடத்துகிறது.

குடும்பத் தலைவர் டெனோஸ் வோர்டெரிஸ் கிரேக்க நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். தள்ளுவண்டியில் ஹாட் டாக் விற்றவர். லூலா என்ற பெண்ணிடம், "என்னைக் கல்யாணம் செய்துகொள், ஒரு நாள் உனக்கு இந்த ராட்டினத்தையே வாங்கித் தருகிறேன்" என்றாராம். 1983இல் இரண்டரை லட்சம் டாலருக்கு உண்மையாகவே வாங்கிவிட்டார். 1994இல் அவர் காலமானார். அதன்பின் மகன்கள் ஸ்டீவும் டென்னிஸும் எடுத்து நடத்தினார்கள். இப்போது பேரப்பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள்.

அதே கடற்கரையில் இன்னும் இரண்டு குடும்பப் பூங்காக்கள் இருந்தன. டில்யூ குடும்பத்தின் ஸ்டீபிள்சேஸ் ஒன்று, ஆல்பர்ட் குடும்பத்தின் ஆஸ்ட்ரோலேண்ட் இன்னொன்று. இரண்டும் இப்போது இல்லை. இவை மூன்றிலும் சின்னது மட்டும் ஏன் தப்பியது? பாசத்தோடு நடத்தியதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

கணக்குப்பிள்ளை

பாசத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள் நண்பரே. 1983ஆம் வருடத்தைப் பாருங்கள். 1970களிலும் 80களிலும் கோனி ஐலண்ட் கிட்டத்தட்ட கைவிடப்பட்ட இடம். வெற்று மனைகள், எரிந்துபோன கட்டடங்கள், பொழுது சாய்ந்தால் போகப் பயம். 150 அடி உயர இரும்பு ராட்டினம் ஒன்று இரண்டரை லட்சம் டாலருக்குக் கிடைத்தது என்றால், வேறு யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை என்று அர்த்தம். லூலாவுக்குக் கொடுத்த வாக்கு பலித்ததற்கு ஊர் பாழடைந்து கிடந்ததும் ஒரு காரணம்.

நில விலை ஏறியிருந்தால் ஹாட் டாக் விற்றவர் கிட்டேயே போயிருக்க முடியாது.

நூலகப்பூனை

கணக்குப்பிள்ளை சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் கதையை 1983இல் தொடங்கினால் பாதிதான் கிடைக்கும். டில்யூவிலிருந்து பார்க்க வேண்டும். நீளமாக எழுதப்போகிறேன், மன்னிக்கவும். இந்த மனிதரைப் பற்றிச் சுருக்கமாக எழுத எனக்கு வராது.

ஜார்ஜ் டில்யூ பிறந்தது 1862இல். அப்பா பீட்டர் அந்தக் கடற்கரையிலேயே விடுதி நடத்தியவர். பையனுக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, உள்நாட்டிலிருந்து வந்த, கடலையே பார்த்திராத பயணிகளுக்குப் புட்டியில் கடல்நீரும் டப்பாவில் கடற்கரை மணலும் அடைத்து 25 சென்டுக்கு விற்றிருக்கிறான். கடல் பத்தடி தூரத்தில் இருக்கிறது!

1893இல் கல்யாணம் முடிந்து புது மனைவியோடு சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போகிறார். ஃபெர்ரிஸ் முதன்முதலில் கட்டிய அந்தப் பெரிய ராட்டினம் அங்கேதான் சுற்றியது. பார்த்ததும் விலைக்குக் கேட்டார், கிடைக்கவில்லை. ஊர் திரும்பினார், கடன் வாங்கினார், அதில் பாதி அளவு உயரத்தில், 125 அடியில் ஒன்றுக்குச் சொல்லிவைத்தார். ராட்டினம் வந்து சேரும் முன்பே காலி மனையில் பலகை: உலகிலேயே பெரிய ராட்டினம் இங்கே அமையவிருக்கிறது! பச்சைப் பொய். அந்தப் பலகையைக் காட்டியே சுற்றியுள்ள கடைக்காரர்களுக்கு இடத்தை வாடகைக்கு விட்டுக் கடனைச் சமாளித்தார்.

1897இல் சுற்றிலும் வேலி போட்டு ஸ்டீபிள்சேஸ் பூங்காவைத் திறந்தார். இரும்புத் தண்டவாளத்தில் ஓடும் மரக்குதிரைகள்தான் அதன் பெருமை. குதிரைக்கு இயந்திரம் கிடையாது, சரிவில் தானாக உருளும். கனமானவர் ஏறினால் வேகம் கூடும். ஆணும் பெண்ணும் ஒரே குதிரையில் ஒட்டி உட்காரலாம். அந்தக் காலத்தில் அதற்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, அந்தச் சாக்கைத்தான் டில்யூ டிக்கெட் போட்டு விற்றார். குதிரையை விட்டு இறங்கி வெளியே போகும் வழி ஒரு மேடை மீது. அங்கே தரையிலிருந்து காற்று பீய்ச்சிப் பாவாடையைப் பறக்கவிடுவார்கள், கோமாளி ஒருவன் ஓடி ஓடி மின்சாரக் கம்பால் தொட்டு ஆண்களைத் துள்ளவைப்பான். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் எதிரே உட்கார்ந்து அடுத்தவர் மாட்டுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். இப்போது செய்தால் வழக்குப் போடுவார்கள், போடவும் வேண்டும். ஆனால் அந்த மனிதருக்கு ஒன்று புரிந்திருந்தது. சவாரியைவிட, மற்றவர்கள் படும் பாடுதான் பெரிய வேடிக்கை.

1907 ஜூலையில் பூங்கா எரிந்துபோனது. மறுநாளே அறிவிப்பு வைத்தார். நேற்று எனக்கு இல்லாத கவலை இன்று இருக்கிறது, நேற்று இருந்த கவலை இன்று இல்லை, இதே இடத்தில் இதைவிடப் பெரிய பூங்கா எழும் என்ற மாதிரி எழுதிவிட்டு, கடைசி வரியில்: எரிந்த சாம்பலைப் பார்க்க நுழைவுக் கட்டணம் 10 சென்ட்.

உப்புக்காற்று

பூனையாரே, சாம்பலுக்கு டிக்கெட்டா! இதற்காகவே இந்த இழையைத் தொடங்கியது வீண்போகவில்லை.

நூலகப்பூனை

இன்னும் முடியவில்லை. சொன்னபடி கண்ணாடியும் இரும்புமாக ஒரு பெரிய கூடாரத்தை எழுப்பினார். மழை பெய்தாலும் கூட்டம் குறையாது. பக்கத்தில் இருந்த ட்ரீம்லேண்ட் 1904இல் திறந்து 1911இல் எரிந்தது, மீண்டும் எழவே இல்லை. லூனா பார்க் 1903இல் திறந்தது, 1944 தீக்குப் பிறகு முடிந்தது. அவை இரண்டும் முதலாளிகளின் கூட்டு வியாபாரம். ஸ்டீபிள்சேஸ்தான் குடும்பச் சொத்து, அதுதான் நெடுநாள் தாங்கியது. ஜார்ஜ் 1914இல் இறந்த பிறகு பிள்ளைகள் ஐம்பது வருடம் நடத்தினார்கள். 1939 உலகக் கண்காட்சியில் வைத்திருந்த பாராசூட் கோபுரத்தை வாங்கி வந்து 1941இல் நிறுத்தியதும் அவர்கள்தான். ஆகவே உப்புக்காற்று சொல்வதில் ஒரு பாதி உண்மை.

மற்றப் பாதி 1964 செப்டம்பர். அந்தக் கோடையோடு கதவை மூடினார்கள். அடுத்த வருடம் நிலத்தை ஃப்ரெட் டிரம்ப் வாங்கினார். ஆமாம், இன்றைய அதிபரின் அப்பாதான்.

கணக்குப்பிள்ளை

அதைத்தான் சொல்லவந்தேன். ஃப்ரெட் டிரம்ப் வாங்கியது பூங்காவை அல்ல, மனையை. அடுக்குமாடி வீடு கட்டும் எண்ணம். விலை 20 லட்சம் டாலருக்கு மேல். 1966இல் ஒரு விருந்து வைத்து, வந்தவர்கள் கையில் செங்கல்லைக் கொடுத்து, அந்தக் கண்ணாடி முகப்பின் மேல் எறியச் சொன்னார். பழைய கட்டடங்களைச் சின்னங்களாக அறிவித்துக் காக்கும் நகரச் சட்டம் 1965இல்தான் வந்திருந்தது. அந்தச் சட்டம் இந்தக் கட்டடத்தின் பக்கம் திரும்புவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்த நிலம் கேளிக்கைக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட பகுதி. வீடு கட்ட அனுமதி கிடைக்கவே இல்லை. 1969இல் நகராட்சி 40 லட்சம் டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கியது. அவருக்கு லாபம்தான். ஊருக்குப் பல வருடம் வெறும் பொட்டல். 2001இல் பேஸ்பால் மைதானம் வந்தது.

போல்ட்டுநட்டு

நிலம், விலை, வாரிசு எல்லாம் சரி. ராட்டினத்தைப் பற்றி யாரும் பேசக் காணோமே. நான் இயந்திரக்காரன், என் பங்குக்குச் சொல்கிறேன்.

வொண்டர் வீல் சாதாரண ராட்டினம் கிடையாது. 24 பெட்டிகள், பெட்டிக்கு 6 பேர், ஒரே நேரத்தில் 144 பேர் ஏறலாம். எட்டுப் பெட்டிகள் மட்டும் வழக்கம்போல வெளிவிளிம்பில் தொங்கும். மற்றப் பதினாறும் விளிம்புக்கும் நடுவுக்கும் இடையே வளைந்து போகும் தண்டவாளங்களில் உட்கார்ந்திருக்கும். சக்கரம் சுற்றச் சுற்றச் சரிவு மாறும், பெட்டி தன் எடையாலேயே சறுக்கி உள்ளே ஓடும், அப்புறம் வெளியே ஓடும், தண்டவாளத்தின் முனையில் போய் நின்று ஊஞ்சல் மாதிரி ஆடும். உட்கார்ந்திருப்பவருக்குப் பெட்டி கழன்று கடலுக்குள் விழப்போகிறது என்று தோன்றும். சக்கரமோ மெதுவாகத்தான் சுற்றுகிறது. வேகமே இல்லாமல் பயம் காட்டுவது எளிய காரியமா? வடிவமைத்தவர் சார்லஸ் ஹெர்மன். கட்டி முடித்து நடத்தியவர் ஹெர்மன் கார்ம்ஸ், அவருக்குப் பின் மகன் ஃப்ரெட் கார்ம்ஸ். அந்த ஃப்ரெட்டிடமிருந்துதான் வோர்டெரிஸ் வாங்கினார். ஆக இது நாலாவது குடும்பம், உங்கள் தலைப்பில் விட்டுப்போயிற்று.

1977 ஜூலை 13 இரவு நியூயார்க் முழுக்க மின்சாரம் போனது. ராட்டினத்தில் ஆட்கள் இருந்தார்கள். கையால் சுற்றியே எல்லோரையும் இறக்கினார்கள். இருநூறு டன் எடை என்கிறார்கள், அதைக் கையால் சுற்ற முடிகிறது என்றால் எடை நாலாபுறமும் எவ்வளவு சமமாகப் பிரிந்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள். நல்ல ராட்டினத்தில் மோட்டாருக்கு வேலை கம்மி. ஒரு பக்கம் இறங்குகிற எடை மறுபக்கம் ஏறுகிற எடையைத் தூக்கிக்கொள்ளும்.

கடற்கரையில் இரும்புக்கு எமன் உப்புக்காற்று. (உங்களைச் சொல்லவில்லை ஐயா.) கீறல் விழுந்த இடத்தில் ஒரே பருவத்தில் துரு உள்ளே இறங்கிவிடும். வருடத்தில் பாதி நாள்தான் கூட்டம் வரும், மீதிப் பாதி சுரண்டுவதும் சாயம் அடிப்பதும் உருளைகளை மாற்றுவதுமாகப் போகும். கம்பெனிக்காரன் இந்தச் செலவைக் கணக்கில் பார்த்ததும் பழைய இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்வான். வீட்டு ஆளே சாயவாளியோடு ஏறினால் அந்தச் செலவு கணக்கில் தெரியாது. குடும்பம் நடத்துவதன் ரகசியம் எனக்குத் தெரிந்தவரை இவ்வளவுதான்.

உப்புக்காற்று

அடடா, கார்ம்ஸ் குடும்பத்தை விட்டுவிட்டேன். தலைப்பை மாற்ற வழி தெரியவில்லை, அப்படியே இருக்கட்டும். "கணக்கில் தெரியாத செலவு" என்பதைக் குறித்துவைத்துக்கொண்டேன் அண்ணே.

லங்காஷயர்க்காரி

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் கடல் தாண்டிப் பேசுகிறேன். குடும்பம் என்றால் தானாகப் பாசம், பாசம் என்றால் தானாகப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிளாக்பூல் பிளஷர் பீச் என்று இங்கே ஒரு பெரிய கடற்கரைப் பூங்கா. 1896இல் வில்லியம் ஜார்ஜ் பீன் என்பவர் மணல்மேட்டில் தொடங்கியது. 1929இல் அவர் இறந்த பிறகு மகள் டோரிஸின் கணவர் லெனார்ட் தாம்சன், பிறகு அவர்கள் மகன் ஜெஃப்ரி, இப்போது ஜெஃப்ரியின் மகள் அமாண்டா. டோரிஸ் அம்மா 101 வயது வரை இருந்தார். முதுமையிலும் புதுச் சவாரி வந்தால் முதலில் தானே ஏறிப் பார்ப்பார். 2004இல் மகன் இறந்த சில நாட்களிலேயே அவரும் போய்ச் சேர்ந்தார். துப்பாக்கிக்குப் பேர்போன ஹிராம் மாக்சிம் கண்டுபிடித்த பறக்கும் இயந்திரம் அங்கே 1904இலிருந்து இன்றுவரை சுற்றுகிறது. இதுவரை எல்லாம் உங்கள் கட்சிக்குச் சாதகம்தான்.

ஆனால் இதே குடும்பம் சவுத்போர்ட்டில் வைத்திருந்த பூங்காவை 2006இல் மூடிவிட்டது. மோர்கேமில் இருந்ததை அதற்கும் முன்பே மூடியாயிற்று. பிளாக்பூலிலேயே 1958இல் வந்த 'வைல்ட் மவுஸ்' மர ரோலர் கோஸ்டரைச் சில வருடங்களுக்கு முன் பிரித்துப்போட்டார்கள். ரசிகர்களுக்கு வயிற்றெரிச்சல். ஒரு பூங்கா பிழைக்க இன்னொன்று போக வேண்டியிருந்தது. மூத்த பிள்ளை படிக்க இளையவன் படிப்பை நிறுத்தும் குடும்பங்களை நாம் பார்த்ததில்லையா, அது மாதிரி.

கணக்குப்பிள்ளை

நன்றி அக்கா. இதே பாடம் ஆஸ்ட்ரோலேண்டிலும் இருக்கிறது. டூயி ஆல்பர்ட் 1962இல் திறந்தார். விண்வெளி மோகம் உச்சத்தில் இருந்த காலம், அதனால் பெயரிலேயே விண்வெளி. 1975இல் 'சைக்ளோன்' ரோலர் கோஸ்டரை நகராட்சியிடமிருந்து குத்தகைக்கு எடுத்துப் பழுதுபார்த்து ஓட்டியதும் இந்தக் குடும்பம்தான். 1927இல் கட்டிய சைக்ளோன் இன்று நிற்பதற்கு அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட குடும்பமே 2006இல் தங்கள் நிலத்தை ஒரு மனை நிறுவனத்துக்குச் சுமார் 3 கோடி டாலருக்கு விற்றது. விற்ற நிலத்திலேயே குத்தகைக்கு இருந்து பூங்காவை ஓட்டப் பார்த்தார்கள். குத்தகை நீளவில்லை, 2008 செப்டம்பரில் மூடினார்கள்.

குறை சொல்லவில்லை. 3 கோடியை மேசையில் வைத்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். நிலம் கைமாறிய அன்றே பூங்கா போய்விட்டது, அந்த இரண்டு வருடம் பேருக்குத்தான்.

புரூக்ளின்வாசி

பத்து வருடத்துக்கும் மேலாக இந்தப் பக்கம் இருக்கிறேன், இதுவரை வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருந்தேன். கணக்குப்பிள்ளை அண்ணன் சொல்லும் அதே காலத்தில் வோர்டெரிஸ் குடும்பம் விற்கவில்லை. சுற்றியிருந்த மனைகள் ஒவ்வொன்றாக வேலிபோட்டு மூடப்பட்டபோதும் ராட்டினம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 1983க்கு "விலை மலிவு" என்று சொல்லலாம். 2006க்கு அதையே சொல்ல முடியுமா? அப்போது மலிவாக எதுவும் இல்லை. ஆகையால் உப்புக்காற்று முதலில் சொன்ன பாசத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள்.

இன்னொன்று. 1989இல் வொண்டர் வீல் நகரத்தின் அதிகாரபூர்வச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு நினைத்தால் இடித்துவிட முடியாது. அதே வருடம் பாராசூட் கோபுரத்துக்கும் அந்த அந்தஸ்து வந்தது. ஸ்டீபிள்சேஸில் மிச்சம் அது ஒன்றுதான். இப்போது அதில் யாரும் குதிப்பதில்லை, இரவில் விளக்கு மட்டும் எரியும்.

2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தபோது கடல் பூங்காவுக்குள்ளேயே புகுந்துவிட்டது. ராட்டினத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, அது உயரத்தில் இருப்பது. அடிபட்டது தரையில் இருந்த 'ஸ்பூக்-எ-ராமா' பேய் வீடு. ஃப்ரெட் கார்ம்ஸ் 1950களில் கட்டியது. உப்புத் தண்ணீரில் ஊறிய பேய்களை வைத்து யாரைப் பயமுறுத்துவது? குளிர்காலம் முழுக்கச் சீர்செய்து அடுத்த வருடம் திறந்தார்கள்.

2020இல் ராட்டினத்துக்கு நூறு வயது. பெரிய விழா வைத்திருப்பார்கள், கொரோனா வந்து அந்தக் கோடை முழுவதும் பூட்டிக் கிடந்தது. ஆட்கள் ஏறாமல் ஒரு கோடை முழுக்கச் சும்மா நின்ற ராட்டினத்தைத் தூரத்திலிருந்து பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. 2021 ஏப்ரலில்தான் திறந்தார்கள். அந்த வருடமே 'ஃபீனிக்ஸ்' என்று புது ரோலர் கோஸ்டரும் போட்டார்கள். கடன் வாங்காமல் அதைச் செய்திருக்க முடியாது என்பது என் ஊகம், ஊகம்தான்.

நூலகப்பூனை

ஆஸ்ட்ரோலேண்ட் ராக்கெட் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லையே! அதன் முதல் சவாரிகளில் ஒன்று. மூடியபோது அதை நகராட்சிக்குக் கொடுத்தார்கள், சில வருடம் எங்கோ கிடங்கில் கிடந்தது. 2014இல் அது திரும்பி வந்து நின்ற இடம் எது தெரியுமா? வொண்டர் வீலின் அடியில். ஒரு குடும்பத்தின் ராக்கெட்டை இன்னொரு குடும்பம் வைத்துக் காப்பாற்றுகிறது.

போல்ட்டுநட்டு

அதற்கும் யாரோ சாயம் அடிக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை

புரூக்ளின்வாசி கேட்ட 2006 கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. சின்னம் என்ற அந்தஸ்து ஒரு காரணம் என்று சொல்வேன். ராட்டினத்தை அகற்ற முடியாத மனைக்கு அடுக்குமாடிக்காரன் எவ்வளவு கொடுப்பான்? குறைத்துத்தான் கேட்பான். ஆனால் அது மட்டும் போதாது, ஒத்துக்கொள்கிறேன். டில்யூவின் பிள்ளைகளுக்குக் கையில் இருந்தது அப்பா விட்டுப்போன நிலம், அதைப் பங்கு போடலாம். வோர்டெரிஸின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த பொருள். அதை விற்க அம்மாவிடம் போய் எப்படிக் கேட்பது?

உப்புக்காற்று

இதை நீங்கள் எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

சரி, ஒரு நடைமுறைக் கேள்வி. அடுத்த கோடையில் அந்தப் பக்கம் போகும் வாய்ப்பு இருக்கிறது. எந்தப் பெட்டியில் ஏறுவது? ஆடும் பெட்டியா, ஆடாத பெட்டியா?

புரூக்ளின்வாசி

இரண்டுக்கும் தனித்தனி வரிசை, கவனித்து நில்லுங்கள். வெள்ளைப் பெட்டி எட்டும் ஆடாதவை. கடலும் நகரமும் நிதானமாகத் தெரிய வேண்டும் என்றால் அவற்றில் ஏறுங்கள். ஆடும் பெட்டிதான் வேண்டும் என்றால் சாப்பிட்ட கையோடு போகாதீர்கள். நான் முதல்முறை ஹாட் டாக் தின்றுவிட்டு நேராகப் போய் ஏறினேன், அதற்குமேல் கேட்காதீர்கள்.

போல்ட்டுநட்டு

ஆடும் பெட்டி. தண்டவாளத்தின் முனையில் போய் முட்டும்போது வரும் சத்தத்தைக் கவனித்து வந்து சொல்லுங்கள். நூறு வருடம் தேய்ந்த பிறகு எப்படிக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.